பல்லேடியம் அக்கா

கம்பெனியில் எல்லோரும் அவளை லேப் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விசாரித்தால் எங்களில் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்திருக்காது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அது ஒரு சின்ன முலாம் கம்பெனி. ரேடியோ, டேப் ரெக்கார்டர்களில் திருகுகிற பிளாஸ்டிக் குமிழ்களுக்கு வெள்ளிபோல் முலாம் பூசிக் கொடுப்போம். கடைசி மேசையில் உட்கார்ந்து, புள்ளி விழுந்ததையும் கீறல் பட்டதையும் பொறுக்கி ஒதுக்குவது என் வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரைசல்களைச் சோதிக்கிற லேபைப் பார்த்துக்கொண்ட அக்கா நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகளோடு முத்தாபுதுப்பேட்டையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவாள், மற்ற ஆறு நாளும் ஆறு மணிக்கே எழுந்து பஸ் பிடிப்பாள். அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், மஞ்சள் அரைத்துப் பூசுகிற பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். அது நைட்ரிக் ஆசிட் கறை. சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. தோல் உரிந்தால்தான் போகும்.

அவளுக்கென்று ஒரு வார்த்தை இருந்தது. "படியட்டும்."

தொட்டியில் கலங்கல் இருந்தால், "படியட்டும், அப்பால பாக்கலாம்" என்பாள். அது அவள் வேலை. ஆனால் மனுஷர்கள் விஷயத்திலும் அதையேதான் சொல்வாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் முடியைப் பிடித்துச் சண்டை போட்டார்கள். சூபர்வைசர் இரண்டு பேரையும் வேலையை விட்டு நிறுத்துவதாகக் கத்தினார். அக்கா கையில் டிபன் பாக்ஸோடு எழுந்து போய், "சார், இன்னிக்கு ஒண்ணும் எழுதாத. நாளைக்கு எழுது. கொஞ்சம் படியட்டும்" என்றாள். மறுநாள் அந்த இரண்டு பேரும் ஒரே டப்பாவிலிருந்து புளிச்சாதம் தின்றுகொண்டிருந்தார்கள். சூபர்வைசர் அந்தப் பக்கமாக வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கும் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டினார். குடித்தால் கை நீட்டுவார், குடிக்காவிட்டால் பேசமாட்டார். ஒரு திங்கட்கிழமை கன்னம் வீங்கி வந்த என்னை அக்கா லேபுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். துணியை நனைத்து ஒற்றியெடுத்தாள்.

"எத்தினி நாளா நடக்குது?"

"கல்யாணம் ஆனதுலருந்துதான்."

"வயசு வேகம். அவனுக்கும் படியட்டும், உனக்கும் படியட்டும்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு செத்தப்ப, இன்னா பண்ணப்போற, இன்னா பண்ணப்போறன்னு எல்லாரும் என்னப் புடிச்சி உலுக்கினாங்க. நான் ஒண்ணுமே பண்ணல. சொம்மா இருந்தேன். தானா படிஞ்சிடுச்சு."

அவள் சொன்னது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று யாரும் சொல்லாமல் இருந்ததே ஆறுதல்தான்.

பிளாஸ்டிக்கின் மேல் முலாம் நேராக ஒட்டாது. முதலில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிற ஒரு கரைசலில் முக்கி எடுக்க வேண்டும். அந்தக் கரைசலில் பல்லேடியம் என்ற உலோகம் இருக்கிறது, தங்கம் மாதிரி விலையுள்ளது என்று அக்கா சொல்லித்தான் தெரியும். சில மாதம் ஓட்டினால் கரைசல் தளர்ந்துவிடும். பழசைக் கால்வாயில் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலப்பார்கள். ஒருநாள் முதலாளி முன்னாலேயே கொட்டுவதற்காகத் தொட்டியைச் சாய்த்தபோது அக்கா குறுக்கே போய் நின்றாள்.

"வேணாம் சார். இன்னும் உள்ள கீது."

"இருந்தா இருக்கட்டுமே. அதைப் பிரிச்சு எடுக்க இங்க யாரு இருக்காங்க?"

"நான் எடுத்துக்கினு போறேன் ஊட்டுக்கு."

முதலாளி சிரித்துக்கொண்டே சரி என்றாராம். அவள் அதை வெள்ளைக் கேன்களில் பிடித்து, தினம் ஒன்றாக பஸ்ஸில் கொண்டுபோனாள். ஒரு கண்டக்டர் மூடியைத் திறக்கச் சொன்னார். "இன்னாம்மா இது, சரக்கா?" அக்கா நிதானமாக, "மோந்து பாரு நைனா" என்றாள். மோந்து பார்த்தவர் அதற்கப்புறம் அவள் எந்தக் கேனோடு ஏறினாலும் கேட்டதில்லை.

கொஞ்ச வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் ஒரு தையல் கம்பெனிக்குப் போனேன். அக்கா எங்கும் போகவில்லை. எஸ்டேட்டில் அந்த மாதிரி கழிவுக் கரைசல் வருகிற நாலைந்து சின்னக் கம்பெனிகளில் சொல்லிவைத்து, அதை வாங்கி வந்து வீட்டிலேயே பல்லேடியம் எடுக்க ஆரம்பித்தாள். சேர்த்த பொடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூக்கடைப் பக்கம் ஒரு சேட்டிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதில்தான் மகளை டைப்ரைட்டிங் படிக்கவைத்தாள், அதில்தான் கல்யாணமும் செய்துவைத்தாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நான் அவள் வீட்டுக்குப் போவேன். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட இடம்தான் அவளுடைய லேப். ஆசிட் ஊற்றிக் காய்ச்சும்போது என்னை வாசல்பக்கம் போகச் சொல்லிவிடுவாள். பழுப்பாகப் புகை கிளம்பும். அவள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு காற்றுக்கு எதிர்ப்பக்கமாக நிற்பாள். சுவரோரத்து முருங்கையில் அந்தப் பக்கத்துக் கிளை மட்டும் வருஷம் முழுக்க இலையில்லாமல் நின்றது. அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. கேட்டால், "தூசி" என்பாள்.

காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்தால் கரைசல் ஆரஞ்சு நிறத்தில் தெளிந்து நிற்கும். அதற்கப்புறம்தான் என்னை உள்ளே கூப்பிடுவாள். கம்பெனி லேபில் நிக்கல் சோதனைக்கு வைத்திருந்த ஒரு வெள்ளைப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து அதில் சொட்டுச் சொட்டாக விடுவாள். விட்ட இடத்தில் மஞ்சள் பூக்கும். ஒன்றுமில்லாத தண்ணீரிலிருந்து எங்கிருந்துதான் வருகிறதோ, பஞ்சு பஞ்சாக மஞ்சள் திரண்டு, கண்ணாடிப் பாத்திரம் முழுக்க நிறைந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. அது அடியில் இறங்க மணிக்கணக்காகும். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேலே தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து, அதன்மேல் அந்த ஸ்பிரிட் மருந்தை விட்டுப் பார்ப்பாள். துளி மஞ்சள் தட்டினாலும் கீழே ஊற்றமாட்டாள். "இன்னும் கீது" என்று மறுபடியும் உட்கார்ந்துவிடுவாள். கடைசியில் அந்த மஞ்சளை அலசி, உலர்த்தி, மூசை என்கிற மண்கிண்ணத்தில் வைத்து மெல்லச் சுட்டால் மிஞ்சுவது ஒரு சிட்டிகை சாம்பல் நிறப் பொடி. அதுதான் பல்லேடியம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் அது சேர்ந்துகொண்டே வந்தது.

மகளை நசரத்பேட்டையில் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு லேத் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். கோயிலில் அந்தப் பெண் சிரித்த முகமாகத்தான் நின்றாள்.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அக்காவும் பின்பக்கம் இருந்தோம். அன்றைக்குப் பெரிய அளவில் போட்டிருந்தாள், மூன்று கேன் கரைசலைக் காய்ச்சிச் சுருக்கியது. மருந்து விட்டு முடித்து, மஞ்சள் அப்போதுதான் திரள ஆரம்பித்திருந்தது. பின்கதவில் நிழல் விழுந்தது. மகள் வந்து நின்றாள். கையில் பை எதுவும் இல்லை.

"மா."

"வா பாப்பா. சாப்டியா?"

"மா, நான் திரும்பிப் போவல."

அக்கா பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. தினமும் ஆவுறதுதான். என்னால முடியல மா."

"மாமியாரா, அவரா?"

"ரெண்டு பேரும்."

அக்கா கண்ணாடிக் குச்சியை எடுத்து ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சளை மெல்ல உள்ளே தள்ளிவிட்டாள். "ஒரு வருஷம்தான் ஆவுது பாப்பா. புது எடம். கொஞ்சம் படியட்டும்."

"எப்ப மா படியும்?"

"நீ கலக்காம இருந்தா படியும்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. "நான் வர்றேன் மா" என்றாள். "இருடி, கொழம்பு கீது, துன்னுட்டுப் போ" என்று அக்கா குரல் கொடுத்தாள். வாசல் கதவு சாத்திய சத்தம் மட்டும் வந்தது.

நான் எழுந்து போயிருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குப் போக அங்கிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. என் வீட்டிலும் அதே கதைதான், நானும் பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. நானும் அந்த மஞ்சள் இறங்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்துக்குள் ஆள் வந்து சொன்னார்கள். மகள் வீட்டில் ஸ்டவ் வெடித்துவிட்டதாம்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் உயிரோடு இருந்தாள். போலீஸ் வந்து கேட்டபோது, "நான்தான் காத்து ஜாஸ்தியா அடிச்சிட்டேன்" என்றாள். அக்கா அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள். போலீஸ் எழுதிக்கொண்டு போனபிறகு குனிந்து, "நெசத்த சொல்லு பாப்பா. நான் கீறேன் இல்ல" என்றாள். மகள் அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். "தண்ணி மா" என்றாள். அதற்கப்புறம் அவள் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் அக்கா மறுபடியும் பின்பக்கம் போனாள். வாங்கி வைத்திருந்த கரைசல் இருந்தது, கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அவளால் உட்காரமுடியவில்லை. மருந்தை மொத்தமாகக் கவிழ்ப்பாள். மஞ்சள் பாதி இறங்குவதற்குள் வடிகட்டியில் ஊற்றுவாள். ஈரக் காகிதம் கிழிந்து எல்லாம் ஓடும். ஒருமுறை கால்வாய் முழுக்க மஞ்சளாக ஓடியதை நான் பார்த்தேன். "அக்கா, போவுதுக்கா" என்றேன். "தெரியுது" என்றாள். படியட்டும் என்ற அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவேயில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருநாள் துக்கம் விசாரிக்கிற மாதிரி, "காலம் போனா மனசு படிஞ்சிடும்மா" என்று சொல்லிவிட்டார். அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருக்கும். என் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். குளியலறையில் வழுக்கியதாக எல்லோரிடமும் சொன்னேன். தையல் கம்பெனியில் என்னோடு வேலை செய்த பெண் ஒருத்தி மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆவடியில் என் வீட்டு வாசலில் அக்கா நின்றாள். ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையான வேலைப் புடவை. வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்தது தெரிந்தது. தோளில் ஒரு துணிப்பை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இடது கையால் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

"கெளம்பு" என்றாள்.

"எங்கக்கா?"

"எங்கூட. துணி எடுத்துக்க. இல்லன்னா அதுவும் வேணாம்."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யாரும்மா நீ? எம் பொண்டாட்டிய வந்து கூப்புட்ற?"

"நான் கூட்டிக்கினு போறேன்."

"எதுக்கு?"

"செத்துடுவா, அதுக்கு."

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அக்கா நகரவில்லை. பை தோளிலிருந்து நழுவியதை மஞ்சள் விரல்களால் பிடித்துக்கொண்டாள். பையின் வாயில் கண்ணாடி பாட்டில் ஒன்று எட்டிப் பார்த்தது. அவள் வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். அந்த விரல்களையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை இறங்கியது. "போனா அப்படியே போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கட்டுப் போடாத என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நான் செருப்புகூடப் போடவில்லை.

பஸ்ஸில் அக்கா அந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் வாயருகே கொண்டுவந்தாள். நான் பயந்து முகத்தைத் திருப்பினேன்.

"சீரகத் தண்ணிடி. குடி."

முத்தாபுதுப்பேட்டை வீட்டுக்குள் நுழையும்போதே கருகல் வாடை வந்தது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த கரைசலை அவள் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். பாத்திரம் வற்றி, வெடித்து, துவைக்கிற கல்லெல்லாம் கறுப்பாகச் சிதறியிருந்தது. அது மூன்று மாதமாகச் சேர்த்த சரக்கு என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. கல்லைச் சுரண்டினாலாவது கொஞ்சம் தேறியிருக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள்.

"உக்காரு. சோறு வடிக்கிறேன்" என்றாள்.

மூன்று வருஷம் அவளோடு இருந்தேன். மகள் படுத்த பாயைத்தான் எனக்குக் கொடுத்தாள். கோர்ட்டுக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். என் வீட்டுக்காரர் தரப்பில் பெரியவர்கள் பேசவந்து, "கொஞ்ச நாள் போகட்டும், அவனும் திருந்துவான்" என்றபோது, "எத்தினி நாளு? தேதி சொல்லு" என்று கேட்டாள். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தாலும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிடுவாள். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். பொறுமைக்காரி என்று பெயரெடுத்தவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக ஊரில் பேச்சு. இருமல் வந்தால் நிமிஷக்கணக்கில் நிற்காது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கரைசல் கொடுப்பதை நிறுத்தின. ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடைசியாக இருந்ததையும் விற்று எனக்கு ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். நான் அம்பத்தூரில் தனியாக அறை எடுத்துப் போனது அந்த மெஷினோடுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவளால் தனியாக இருக்க முடியாமல் போயிற்று. கரையான்சாவடியில் இருந்த தங்கை கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். நுரையீரல் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுவரோரம் இரண்டு தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே இருப்பாள். படுத்தால் மூச்சு வராது. விரல்களில் மஞ்சள் எல்லாம் போய், தோல் குழந்தையுடையதுபோல் வெளுத்திருந்தது.

கடைசியாக நான் பார்க்கப் போனது ஒரு சாயங்காலம். தங்கை எனக்கு டீ போட உள்ளே போனாள். அக்கா என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

"அன்னிக்கு நீ இருந்தல்ல? பாப்பா வந்தப்ப."

"இருந்தேங்க்கா."

"அவ இன்னா பொடவ கட்டிகினு வந்தா?"

அக்கா என் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் நெனச்சி நெனச்சிப் பாக்கறேன். கொரலு கேக்குது. தண்ணி குடிச்சது கேக்குது. ஆளு தெரியல. ஆஸ்பத்திரில துணியே இல்ல அவ மேல. அதுக்கு முன்னாடி கடசியா எப்டி இருந்தான்னு… நான் திரும்பிப் பாக்கவேயில்லடி."

எனக்கும் தெரியவில்லை. கதவில் விழுந்த நிழல் ஞாபகம் இருக்கிறது. கையில் பை இல்லாதது ஞாபகம் இருக்கிறது. புடவை எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது.

"நீலம்க்கா" என்றேன். "நல்ல நீலம். சின்னச் சின்ன பூ போட்டது."

அக்காவின் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அவளாண்ட நீலமே கெடையாதேடி" என்றாள். "வேற எதனா சொல்லு."